பவுடர் டப்பாவுக்குள் பல்பம்

பல்பம் தின்னாதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். பேரன் பேத்தி எடுத்த வயதில் பொய் சொல்லக் கூடாது. சிலேட்டில் எழுதிப் படித்த கூட்டம்தானே நாம். சாம்பல் நிறக் கல் பல்பம் கறுக்கென்று உடையும். நாக்கில் வைத்தால் புது மழை விழுந்த ஓட்டின் வாசம் வரும். வெள்ளைப் பல்பம் மாவாகக் கரையும். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் ஒரு கடி, அவர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் வாயைத் துடைத்துக்கொண்டு பூனை மாதிரி உட்கார்ந்துகொள்வது. எல்லோரும் செய்ததுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது நான் தின்ற பல்பத்தைப் பற்றி இல்லை. அத்தைக்காக நான் திருடிக்கொண்டு போன பல்பத்தைப் பற்றி. சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிக்கிறேன். எதுவரைக்கும் சிரிக்க முடியும் என்று தெரியவில்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்கு நடுவில் எங்கள் வீடு. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அத்தையைப் பெற்றவள் சின்ன வயதிலேயே போய்விட்டதால், கல்யாணமாகி வந்த அம்மாதான் அவளுக்குத் தலை பின்னி, சீர் செய்து, வெள்ளகோவில் பக்கம் கட்டியும் கொடுத்தாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். அத்தைக்கு வாயைத் திறந்தால் நங்கைதான். "நங்கை, பசிக்குதுங்க", "நங்கை, தலை வலிக்குதுங்க" என்று வீட்டுக்குள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவாள். இருபது வயதுப் பெண் அப்படித் திரிவதைப் பார்த்தால் எனக்குக்கூடக் கேலியாக இருக்கும்.

தலைப் பிரசவம் தாய் வீட்டில்தானே. ஏழாம் மாதம் சீர் செய்து கூட்டிவருவதுதான் வழக்கம். ஆனால் வெள்ளகோவிலில் வாந்தியாக எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஐந்தாம் மாதமே போய் அழைத்து வந்துவிட்டாள் அம்மா. எனக்குப் பள்ளிக்கூடம் திறந்த வாரம் அது. புது சிலேட்டுக்கு மரச்சட்டம், மூலையில் தகரம். கோவை இலையும் கரியும் தேய்த்து நான் அதைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தபோது அத்தை வண்டியிலிருந்து இறங்கினாள்.

அம்மா அவளைக் கவனித்த கவனிப்பை ஊரே பேசியது. பேச வேண்டும் என்றுதான் அம்மாவும் கவனித்தாள். தாயில்லாப் பெண்ணை நங்கைக்காரி எப்படி வைத்திருக்கிறாள் என்று நாலு வீட்டுக்காரிகள் கண் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அத்தைக்கு மூன்று வேளையும் மில்லில் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. அரிசியும் பருப்பும் போட்டுச் சோறு ஆக்கினால் நெய் மிதக்கும். காலையும் மாலையும் பெரிய டம்ளரில் பால் காப்பி. களியும் கம்பஞ்சோறும் அவள் கண்ணிலேயே காட்டப்படவில்லை. அதெல்லாம் தோட்டத்து வேலைக்கு வருகிறவர்களுக்கு. கிணற்று மேட்டில் ஒரு முருங்கை மரம் கீரையைச் சுமந்துகொண்டு நின்றது. "முருங்கக்கீரை சூடு, புள்ளத்தாச்சிக்கு ஆகாது" என்று அம்மா ஒரே வார்த்தையில் அதைத் தள்ளிவைத்தாள்.

அத்தைக்கோ சோறு இறங்கவில்லை. சாமி மாடத்துத் திருநீற்றை விரலால் தொட்டு நக்கிக்கொண்டு நிற்பாள். கொல்லையில் உடைந்து கிடந்த ஓட்டுச் சில்லை எடுத்து மோந்து பார்ப்பாள். ஒரு சாயங்காலம் நான் சிலேட்டில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் என் விரலிலிருந்த பல்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக அதை உருவி, இடது பக்கக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். கறுக். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"இன்னொண்ணு இருக்குதா கண்ணு?" என்றாள்.

அன்றிலிருந்து நான்தான் அத்தைக்குப் பல்பம் சப்ளை. அதில் எனக்கு என்ன பெருமை என்கிறீர்கள்! வீட்டில் எல்லோரும் அத்தைக்கு ஏதேதோ கொடுத்தார்கள், அவளுக்கு வேண்டியது என்னிடம் மட்டும்தான் இருந்தது. தேங்காய்ப் பத்தை கொடுத்து ஒன்று வாங்குவேன், புளியம்பிஞ்சு கொடுத்து ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் பையிலிருந்து கேட்காமலும் எடுப்பேன். தினமும் பல்பம் இல்லை என்று எழுந்து நிற்பேன். டீச்சர் முட்டியில் தட்டுவார்.

"உங்கொப்பனுக்கு அத்தாச்சோடு பெரிய தோப்பு இருக்குது, உனக்கொரு குச்சி வாங்கித் தர மாட்டாரா?" என்று கேட்பார். வகுப்பே சிரிக்கும். அத்தைக்காக அடி வாங்குகிறோம் என்று நினைத்தால் முட்டி வலிக்காது.

அத்தை பல்பங்களை ஒரு பவுடர் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தாள். ரோஜாப்பூப் படம் போட்ட தகர டப்பா. மூடியைக் கழற்றக் கழற்ற பவுடர் வாசமும் பல்பத்தின் மண் வாசமும் சேர்ந்து வரும். இப்போதும் எங்காவது தகர டப்பாவைத் திறந்தால் நான் முதலில் மோந்து பார்க்கிறேன். இந்த வயதில் இதென்ன பழக்கம் என்று மருமகள் கேட்கிறாள்.

ஒரு நாள் அம்மா பார்த்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அம்மாவோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மசக்கையில தின்னுட்டுப் போறா, போச்சாது. ஆசைப்பட்டதக் குடுக்காட்டிப் பொறக்கற கொழந்தைக்குக் காதுல சீழ் வடியும்" என்றாள். பிறகு என்னைத் தனியாக இழுத்துப்போய் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இத ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. தாயில்லாப் புள்ளைக்குச் சோத்தப் போடாம பல்பத்தத் திங்க உட்டாங்கன்னு ஊரு பேசும்."

நான் தலையை ஆட்டினேன். ரகசியத்தில் அம்மாவும் சேர்ந்துகொண்டது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

ஆடி மாதக் காற்றில் தென்னை மட்டைகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில் அத்தை வெளுத்துக்கொண்டே வந்தாள். ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அவள் கன்னத்தைத் தொட்டு, "புள்ளத்தாச்சிக் களை வந்துருச்சு. எப்படிச் செவந்துட்டா பாருங்க!" என்றார்கள். அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்காது. பாலும் நெய்யும் வேலை செய்கிறது என்று நினைத்தாள். கிணற்று மேட்டுக்கு நாலு படி ஏறினால் அத்தைக்கு மூச்சு வாங்கியது. வயிற்றுப் பாரம் என்றார்கள்.

எனக்கும் அத்தைக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. அவள் கைவிரல் நகங்கள் நடுவில் குழிந்திருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் வழியாமல் நிற்கும். என் நகத்தில் வைத்தால் உருண்டு ஓடிவிடும். "எனக்கு மட்டும் ஏனுங்க அத்தை நிக்க மாட்டீங்குது?" என்று கேட்பேன். "பெரியவளானா நிக்குமாக்கும்" என்பாள். விரலை அசைக்காமல் நீட்டிக்கொண்டு, எத்தனை எண்ணும்வரை அந்தச் சொட்டு நிற்கிறது என்று இரண்டு பேரும் எண்ணுவோம். ரத்தம் வற்றிய உடம்புக்கு நகம் அப்படிக் குழியும் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

இல்லை, ஒருத்தி இருந்தாள். அதைச் சொல்லாமல் தாண்டிப் போகப் பார்க்கிறேன், பாருங்கள்.

புதன்கிழமைதோறும் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸம்மா வருவார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் ஒரு பை. பையிலிருந்து படச்சுருளை எடுத்து எங்கள் மாட்டுக்கொட்டாய்த் தூணில் தொங்கவிடுவார். அதில் முருங்கைக்கீரை, ராகி, கம்பு, எள்ளு, வெல்லக்கட்டி, முட்டை, நெல்லிக்காய் எல்லாம் வண்ணத்தில் இருக்கும். களை வெட்டுகிற பெண்கள் வந்து உட்காருவார்கள். அவர்களில் ஒரு அக்காவுக்கும் அப்போது நாலு மாதம். அம்மா மட்டும் நின்றுகொண்டே கேட்பாள். இதெல்லாம் இல்லாதவர்களுக்குச் சொல்கிற பாடம் என்று அவள் நினைப்பு.

"வயித்துல புள்ள வளர்றதுக்கு ரத்தம் வேணுமுங்க. அது வெள்ளைச் சோத்துல வராது" என்பார் நர்ஸம்மா. "கீரையும் ராகியும் தின்னுங்க. நான் குடுக்கற மாத்திரைய எலுமிச்சந் தண்ணியோட முழுங்குங்க, காப்பியோட வேண்டாம். ஆசுபத்திரிக்கு வாரதுக்கு வெக்கப்படாதீங்க."

பாடம் முடிந்ததும் களை வெட்டுகிற அக்கா அம்மாவிடம் வந்து, "ஏனுங்க அம்மணி, முருங்கக்கீரை ரெண்டு கொப்பு ஒடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்பாள். "மரமே உனக்குத்தான், கொண்டுபோ" என்று அம்மா தாராளமாகச் சொல்வாள். எங்கள் மரத்துக் கீரையைத் தின்று அந்த அக்கா மார்கழியில் நல்லபடியாகப் பிள்ளை பெற்றாள். அப்போது அம்மா அந்தக் குழந்தையைப் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை நர்ஸம்மா அத்தையை வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து கீழ்இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"வெளுத்துக் கெடக்குதே கண்ணு" என்றார்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "எங்க ஊட்டுப் பொண்ணுக அல்லாரும் செவப்புத்தானுங்க நர்ஸம்மா."

"இது அந்தச் செவப்பு இல்லீங்க அம்மணி." நர்ஸம்மா அத்தையின் கையை விடாமல் கேட்டார். "மண்ணு, சாம்பல், பல்பம் இப்படி ஏதாச்சும் திங்கறயா கண்ணு? இருந்தாச் சொல்லு. நான் வைய மாட்டேன்."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள். நர்ஸம்மா நம்பவில்லை. பெரியவர்கள் சொல்லாததைப் பிள்ளைகள் சொல்லிவிடும் என்று அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பினார். குனிந்து, என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ சொல்லு சாமி. உங்கத்தை எதாச்சும் திங்கறாங்களா?"

என் பாவாடை முடிச்சில் அன்றைக்குக் கொண்டுவந்த பல்பம் இருந்தது. அது என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. அத்தையின் கண் என் மேல் இருந்தது. அம்மாவின் கண்ணும் இருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

நர்ஸம்மா போன பிறகு அம்மா என்னை அணைத்துக்கொண்டு வாயில் ஒரு வெல்லக்கட்டியைப் போட்டாள். "எங்கண்ணு கெட்டிக்காரி" என்றாள். எட்டு வயதில் பொய் சொல்லி நான் வாங்கிய பரிசு அது. அதற்குப் பிறகு வெல்லம் எனக்கு இனித்ததில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இனித்தது. நன்றாகவே இனித்தது.

நர்ஸம்மா ஒரு காகிதப் பொட்டலத்தில் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரைகள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அத்தை நாலு நாள் தின்றாள். ஐந்தாம் நாள் காலையில் அம்மாவின் காதில் வந்து பயந்துகொண்டு என்னவோ சொன்னாள். வெளிக்குப் போனது கறுப்பாக இருந்ததாம். அம்மா பதறிப் போனாள். "உள்ள போயிக் கறுக்கறது புள்ளையக் கறுப்பாக்காம உடுமா?" என்று பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொல்லைக் கறிவேப்பிலைச் செடி வேரில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். அடுத்து வந்த பொட்டலங்களும் அங்கேதான் போயின. நர்ஸம்மா கேட்டபோது, "தின்னுபோட்டா, தின்னுபோட்டா" என்று அம்மாவே பதில் சொன்னாள்.

அந்த வருடம் அந்தக் கறிவேப்பிலை எப்படித் தழைத்தது தெரியுமா! பச்சை கறுத்துப்போய், கை வைத்தால் கொத்தாக வரும். பக்கத்து வீட்டுக்காரிகள் ரசத்துக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். அன்று காலை நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வேர்வை. டப்பாவைத் திறந்து ஒரு கல் பல்பத்தை எடுத்தாள். முனையை ஒரு கடி கடித்தவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை மறுபடி உள்ளே போட்டு மூடினாள். எப்போதும் முழுசாகத் தின்றுவிடுகிறவள். "சாயந்தரத்துக்கு இருக்கட்டும்" என்றாள். நான் வரும்போது இன்னும் இரண்டு கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

மூன்றரை மணிக்கு நனைந்துகொண்டு ஓடி வந்தேன். வாசலில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கார் நின்றது. உள்ளே குழந்தை அழுகிற சத்தம். பெண் குழந்தை, மதியமே பிறந்துவிட்டது என்றார்கள். நான் சந்தோஷத்தில் குதித்தேன். ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. பிரசவம் பார்க்க வந்தவள் பழைய சேலைகளைச் சுருட்டிச் சுருட்டி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் நனைந்திருந்தன. மழையில் நனைந்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அத்தையைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். உதடு வெள்ளைப் பல்பத்தின் நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டாள்.

"பள்ளிக்கோடம் உட்டாச்சா கண்ணு?" என்றாள்.

"உட்டாச்சுங்க அத்தை" என்றேன். கையிலிருந்த இரண்டு பல்பத்தைக் காட்டினேன். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை. கார் பொள்ளாச்சி ரோட்டில் ஏறிப் போனது.

பொள்ளாச்சி போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை என்று சொல்ல வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "ஒடம்புல ரத்தமே இல்லியாமா. இருந்திருந்தா இத்தன போனதுக்கும் தாங்கியிருக்குமாமா. எத்தன மாசமா சோறில்லாம இருந்துச்சுன்னு டாக்டர் கேக்கறாருடி. நானென்னன்னு பதில் சொல்லுவேன்?"

அம்மா தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "நெய்யும் பாலுமா ஊத்துனனே, நெய்யும் பாலுமா ஊத்துனனே!" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊத்தினாள் என்பது உண்மைதான். அம்மா அவளை உயிராக வைத்திருந்தாள். அதில் ஒரு துளி பொய் இல்லை.

சில மாதம் கழித்துக் குழந்தையை வெள்ளகோவிலுக்குக் கூட்டிப்போக அத்தையின் வீட்டுக்காரர் மாமா வந்தார். அம்மா அத்தையின் பெட்டியைக் கட்டினாள். பவுடர் டப்பா கைக்கு வந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே நாலைந்து பல்பங்கள். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தூக்கி எறிந்துவிடுவாள் என்று நினைத்தேன். மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அந்தக் குழந்தை வளர்ந்து பத்து வயதானபோது ஒரு கல்யாண வீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முறைக்கு நான் அவளுக்கு நங்கைதான். அத்தை கூப்பிட்ட மாதிரியே "நங்கை" என்று கூப்பிட்டாள். முதல் வகுப்பில் சேர்ந்த அன்று மாமா அந்த டப்பாவைத் திறந்து கொடுத்தாராம். "பாரு கண்ணு, நீ பொறக்கறதுக்கு முன்னாலயே உங்கம்மா உனக்குப் பல்பம் வாங்கி வெச்சிருக்கறா, நீ படிக்கோணுமுன்னு" என்றாராம். தன் அம்மா வாங்கி வைத்த பல்பத்தில்தான் அவள் முதல் எழுத்தை எழுதினாளாம். அதற்காகவே நன்றாகப் படிப்பாளாம். அவள் கண் அப்படி மினுங்கியது. அது நான் திருடிய பல்பம் என்று எப்படிச் சொல்வேன்? சிரித்து வைத்தேன்.

எனக்கே உண்மை தெரிந்தது என் முதல் பிரசவத்துக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் காட்டியபோதுதான். அதே கேள்வியை ஒரு நர்ஸ் கேட்டாள். "மண்ணு, பல்பம் ஏதாச்சும் திங்கத் தோணுதுங்களா?" எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். ரத்தம் குறைந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த ஆசை வரும், அதை வைத்தே கண்டுபிடிப்போம் என்றாள். பல்பம் அத்தையைக் கொல்லவில்லை. பல்பம் கூப்பிட்டுச் சொன்னது. நான்தான் அதன் வாயைப் பொத்தினேன். எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். அந்த நர்ஸம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தது மட்டும் போக மாட்டேன் என்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், எனக்காக முருங்கைக்கீரை. கை நின்றது. முகம் செத்துப்போயிற்று. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "இத ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு" என்றாள். இந்த முறை அவள் ஊருக்குப் பயப்படவில்லை. அம்மா சாகும்வரை நான் சொல்லவில்லை. செத்த பிறகும் சொல்லவில்லை.

போன மாதம் அத்தை மகளின் மகளுக்கு ஏழாம் மாதம் என்று கட்டுச்சோறு ஆக்கிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். நான் போனபோது சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. கறுக்.

கட்டுச்சோற்றுத் தூக்குப்போசியை அங்கேயே கீழே வைத்தேன்.

பக்கத்தில் ஒரு பாக்கெட். சாம்பல் நிறப் பல்பங்கள். எழுதுவதற்கு இல்லையாம், தின்பதற்கென்றே ஆன்லைனில் விற்கிறார்களாம். "மழை வாசம் அடிக்குதுங்க அத்தை, சூப்பரா இருக்குது" என்று சிரித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"டாக்டரம்மாகிட்டச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க. இல்லீன்னு சொல்லிட்டேன். சொன்னாத் திட்டுவாங்கல்ல?"

"மாத்திரை?"

"அது தின்னா கறுப்பாப் போகுதுங்க அத்தை. நிறுத்திட்டேன்."

அத்தை மகள் சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஐம்பது கடந்தவள், முன்நெற்றி நரைத்துவிட்டது. "ஆசைப்பட்டதத் தின்னுட்டுப் போறா உடுங்க நங்கை. இல்லீன்னா கொழந்தைக்குக் காதுல சீழ் வடியுமுன்னு சொல்லுவாங்கல்ல" என்றாள். பிறகு மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "பல்பம் எங்கம்மா குடுத்த சீருங்க. இவளுக்கும் அது புடிச்சிருக்குது பாருங்க."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. சும்மா ரத்தப் பரிசோதனை செய்து பார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பெண் பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். இடது பக்கக் கடைவாயில் வைத்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் திருடியது, அத்தை தின்றது, நர்ஸம்மா கேட்டது, நான் இல்லை என்றது, வெல்லக்கட்டி, கறிவேப்பிலைச் செடி எல்லாம். சொல்லும்போது அத்தை மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே சொன்னேன். "உனக்காக வாங்கி வெச்சதில்ல கண்ணு. உங்கம்மாவுக்கு நான் கொண்டுபோய்க் குடுத்தது" என்றும் சொன்னேன். தாய் முகம் பார்க்காதவளிடம் இருந்த ஒரே சொத்தை நான் பிடுங்கிக்கொண்டேன்.

அவள் எழுந்து பூஜை அறைக்குப் போனாள். வரும்போது கையில் அந்த டப்பா. ரோஜாப்பூ முக்கால்வாசி அழிந்து தகரம் தெரிந்தது. மூடியைத் திருகினாள். உள்ளே ஒரே ஒரு பல்பம் மிச்சம் இருந்தது. அதை எடுத்து முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் எழுதித் தீத்துட்டனுங்க நங்கை. இத மட்டும் எலி கடிச்சிருக்குதுன்னு அப்பா எழுதக் குடுக்கல" என்றாள்.

கடிபட்ட அந்த முனையை விரல் நுனியால் தடவினாள். பல் பதிந்த இடத்தில் விரலை வைத்தபடியே நின்றாள். மகள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அத்தை மகள் பல்பத்தை டப்பாவில் போட்டு மூடினாள்.

"எந்திரி அம்மணி" என்றாள் மகளிடம். "செருப்பப் போடு. டாக்டரம்மாகிட்டப் போயி, திங்கறேன்னு சொல்லு."